பிரவுசருக்கு பிரவுசர் எஸ்விஜி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலைச் செயலிகளில் எஸ்விஜி என்ற வெக்டர் வடிவத்தில் படம் போடுகிறவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். "குரோமில் சரியாக வருகிறது, ஆனால்..." என்று ஒரு செய்தி தொடங்கினாலே மீதியை ஊகித்துவிடும் அளவுக்குக் கேட்டாயிற்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளை வந்த மாதிரியே விட்டுவிட்டேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போகும் என்பதால், முதல்முறை படிப்பவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

வெக்டர் படம் என்றால் என்ன? பிஎன்ஜி போட்டால் போதாதா?

பிஎன்ஜி ஃபைலில் இருப்பது ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்ற கணக்கு. எஸ்விஜி ஃபைலில் இருப்பது வரைவதற்கான குறிப்பு: இங்கிருந்து அங்கே ஒரு வளைவு, அதற்குள் நீல நிறம், மேலே ஒரு வட்டம். அந்தக் குறிப்பைப் படித்து, அந்தத் திரைக்கு ஏற்ற மாதிரி பிரவுசர் அப்போதே வரைகிறது. அதனால் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறடிக்காது.

லோகோ, ஐகான், சார்ட், வரைபடம் ஆகியவற்றுக்கு எஸ்விஜி. புகைப்படத்துக்கு வேண்டாம். ஒரு சின்ன எச்சரிக்கை: ஃபைல் பெயர் எஸ்விஜி என்று முடிவதாலேயே அது வெக்டர் ஆகிவிடாது. ஃபைல் சந்தேகப்படும் அளவுக்குப் பெரிதாக இருந்தால் டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். உள்ளே ஒரே ஒரு இமேஜ் டேக்கும், அதைத் தொடர்ந்து பக்கம் பக்கமாக பேஸ்64 எழுத்துகளும் (படத்தின் தரவை எழுத்தாக மாற்றியது) இருந்தால், யாரோ ஒரு பிஎன்ஜிக்கு எஸ்விஜி சட்டை மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது எல்லா பிரவுசரிலும் எஸ்விஜி ஓடுமா? ஐஇ (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்) பற்றி இன்னும் கவலைப்பட வேண்டுமா?

ஓடும். இந்தப் பயம் பழைய காலத்து மிச்சம். 1998இல் வலைக்கான வெக்டர் வடிவம் வேண்டும் என்று, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் முன் போட்டி யோசனைகள் வந்தன. மைக்ரோசாஃப்ட் தரப்பு விஎம்எல் என்றது. அடோபி, ஐபிஎம், நெட்ஸ்கேப், சன் கூட்டணி பிஜிஎம்எல் என்றது. இரண்டுக்கும் பொதுவாகப் புதிதாக உருவாகி 2001இல் தரமாக வெளிவந்ததுதான் எஸ்விஜி. ஃபயர்ஃபாக்ஸ் 2005இல் 1.5 பதிப்பிலேயே அதை ஏற்றது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரோ விஎம்எல்லையே பிடித்துக்கொண்டிருந்து, 2011இல் வந்த 9ஆம் பதிப்பில்தான் எஸ்விஜி பக்கம் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரே படத்தை இரண்டு வடிவத்திலும் வரைய ரஃபாயேல் மாதிரி ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள் தேவைப்பட்டன.

ஐஇ 11க்கான ஆதரவை 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ஆகவே "ஓடுமா" என்ற கேள்வி முடிந்துவிட்டது. இன்று பிரவுசருக்கு பிரவுசர் படம் மாறித் தெரிந்தால், பத்தில் எட்டு முறையாவது நீங்கள் எதையோ சொல்லாமல் விட்டிருப்பீர்கள் என்பது என் அனுபவம். விட்ட இடத்தை பிரவுசர் தன் ஊகத்தால் நிரப்புகிறது. ஒன்றின் ஊகம் இன்னொன்றின் ஊகமாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அப்போ எத்தனை பிரவுசரில் சோதித்தால் போதும்?

மூன்று எஞ்சின்களில், அதாவது பக்கத்தை வரைந்து காட்டும் உள்மென்பொருள்களில்: குரோம், எட்ஜ், ஓபரா எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் பிளிங்க், ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ, சஃபாரியின் வெப்கிட். குரோமிலும் எட்ஜிலும் பார்த்துவிட்டு "இரண்டு பிரவுசரில் சோதித்தாயிற்று" என்பது ஒரே ஆளிடம் இரண்டு முறை கேட்ட மாதிரி. ஐபோனில் குரோம் போட்டுப் பார்த்தாலும் அநேகமாக எங்கும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான்.

ஐஎம்ஜி டேக்கில் போடவா, பக்கத்துக்குள்ளேயே எழுதவா, சிஎஸ்எஸ் பேக்ரவுண்டா?

படத்தோடு உங்கள் நிரல் பேச வேண்டுமா என்று மட்டும் யோசியுங்கள். வேண்டாம் என்றால் ஐஎம்ஜி. பிரவுசர் அதை சேமித்து வைத்துக்கொள்ளும், பக்கத்தின் எச்டிஎம்எல் பெருக்காது, ஒன்றோடொன்று மோதாது. நிறம் மாற்ற, அசைக்க, உள்ளே ஒரு பகுதியைச் சொடுக்க வேண்டுமென்றால் எஸ்விஜி டேக்கை எச்டிஎம்எல்லுக்குள்ளேயே எழுத வேண்டும். வெறும் அலங்காரம் என்றால் பேக்ரவுண்ட்.

ஐஎம்ஜியாகவோ பேக்ரவுண்டாகவோ வரும் எஸ்விஜி பூட்டிய அறை மாதிரி. உள்ளே இருக்கும் ஸ்கிரிப்ட் ஓடாது, வெளியிலிருந்து எழுத்துருவோ படமோ சிஎஸ்எஸ்ஸோ இழுத்துக்கொள்ள முடியாது. பாதுகாப்புக்காக எல்லா பிரவுசரும் வேண்டுமென்றே செய்வது இது. கீழே மூன்று நான்கு கேள்விகளுக்கு இதுதான் பதில் என்பதால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணினியில் படம் வருகிறது. சர்வரில் ஏற்றியதும் உடைந்த படம்தான் தெரிகிறது.

சர்வர் ஃபைலோடு சேர்த்து "இது என்ன வகை" என்று ஒரு தலைப்பு அனுப்பும். எஸ்விஜிக்கு அது இமேஜ்/எஸ்விஜி+எக்ஸ்எம்எல் என்று இருக்க வேண்டும். வெறும் டெக்ஸ்ட் என்று வந்தால் ஐஎம்ஜி டேக் அதைப் படமாக எடுத்துக்கொள்ளாது. டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து கன்டென்ட்-டைப் பாருங்கள். சுருக்கிய எஸ்விஜிஇசட் ஃபைல் என்றால் கன்டென்ட்-என்கோடிங் ஜிஜிப் என்பதும் கூடவே வர வேண்டும்.

அது சரியாக இருந்தும் வரவில்லையா? ஃபைலின் மேலே உள்ள எஸ்விஜி டேக்கில் எக்ஸ்எம்எல்என்எஸ் (உள்ளே இருப்பது எஸ்விஜி என்று சொல்லும் பெயர்வெளிப் பண்பு) இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துக்குள் எழுதும்போது அது தேவையில்லை. தனி ஃபைலுக்குக் கட்டாயம். பக்கத்திலிருந்து வெட்டி எடுத்து ஃபைலாகச் சேமித்தவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

ஒரு இடத்தில் படம் சரியாக வருகிறது, இன்னொரு இடத்தில் 300க்கு 150 பெட்டியாகிவிடுகிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது?

அளவு சொல்லாத உள்ளடக்கத்துக்கு பிரவுசர் கடைசியாகப் போய் நிற்கும் அளவு அது: 300 பிக்சல் அகலம், 150 பிக்சல் உயரம். அந்த எண்ணைக் கண்டாலே, அளவும் விகிதமும் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

எஸ்விஜியில் இரண்டு அளவுகள் உண்டு. வித், ஹைட் என்பவை பக்கத்தில் படம் பிடிக்கும் இடம். வியூபாக்ஸ் என்பது உள்ளே வரைந்தவர் பயன்படுத்திய கட்டத்தாள். வியூபாக்ஸ் "0 0 24 24" என்றால், 24க்கு 24 கட்டத்தில் வரைந்திருக்கிறேன், எந்த இடத்தில் வைத்தாலும் இந்தக் கட்டத்தை அதற்குப் பொருத்திக்கொள் என்று அர்த்தம். வியூபாக்ஸ் இல்லையென்றால் பெரிதாக்கச் சொன்னாலும் பெட்டிதான் பெரிதாகும். படம் இடது மேல் மூலையில் அதே அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும். வித்தும் ஹைட்டும் இல்லாமல் வியூபாக்ஸ் மட்டும் இருந்தால் விகிதம் தெரியும், அளவு தெரியாது. அப்போது சாதாரண பெட்டிக்குள் முழு அகலத்துக்கு விரியும், ஃப்ளெக்ஸ் பெட்டிக்குள் சில நேரம் அகலம் பூஜ்யமாகிக் காணாமலே போகும்.

நான் எப்போதும் மூன்றையும் எழுதிவிடுவேன். தேவைப்பட்ட இடத்தில் சிஎஸ்எஸ்ஸால் மாற்றிக்கொள்வேன். இன்னொன்று: ஃபைலைச் சுருக்கித் தரும் எஸ்விஜிஓ கருவியின் பழைய பதிப்புகள், நீங்கள் கேட்காமலேயே வியூபாக்ஸைத் தூக்கிவிடும். "டிசைனர் கொடுத்ததில் இருந்தது, தளத்தில் மட்டும் இல்லை" என்றால் முதலில் அந்த அமைப்பைப் பாருங்கள்.

பெட்டி முழுக்க நீட்ட வேண்டும். ஆனால் படம் நடுவிலேயே நிற்கிறது.

விகிதம் கெடாமல் நடுவில் பொருத்துவதுதான் இயல்பு. பிரிசர்வ்ஆஸ்பெக்ட்ரேஷியோ என்ற பண்புக்கு "நன்" என்று கொடுத்தால் இழுத்து நிரப்பும். அலைகோடு மாதிரி பிரிப்பான்களுக்கு அது சரி. லோகோவுக்குச் செய்துவிடாதீர்கள்.

ஐகான் நிறத்தை ஹோவரில் மாற்றுகிறேன், மாறவே மாட்டேன் என்கிறது.

ஐஎம்ஜியில் போட்டிருந்தால் மாறாது, பூட்டிய அறை. பக்கத்துக்குள்ளேயே எழுதியும் மாறவில்லை என்றால், உள்ளே ஃபில் (உருவத்துக்குள் நிரப்பும் நிறம்) எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஃபில் தனிப் பண்பாக இருந்தால் உங்கள் சிஎஸ்எஸ் அதை எளிதாக வெல்லும். ஸ்டைல் பண்புக்குள் எழுதியிருந்தால் வெல்லாது. டிசைன் கருவிகள் பல நேரம் இரண்டாவது விதமாகத்தான் ஏற்றுமதி செய்கின்றன.

நிரந்தரத் தீர்வு, ஃபில் மதிப்பாக கரன்ட்கலர் என்று எழுதிவிடுவது. பக்கத்து எழுத்தின் நிறம் எதுவோ அதுவே ஐகானின் நிறமாகும்; ஹோவர், இருண்ட பயன்முறை எல்லாம் தானாக வரும். ஃபைலைத் தொடவே முடியாத நிலை என்றால், படத்தை மாஸ்க்காகப் போட்டு பின்னணி நிறத்தை மாற்றலாம். குரோமில் வெகுகாலம் இதற்கு வெப்கிட் முன்னொட்டு தேவைப்பட்டது. பழைய பதிப்புகளுக்காக இரண்டையும் எழுதுங்கள்.

ஒரே ஐகான் நூறு இடத்தில் வருகிறது. நூறு முறை எழுத வேண்டுமா?

வேண்டாம். ஐகான்களை சிம்பல் டேக்குகளாக ஒரே ஃபைலில் வைத்து, தேவையான இடத்தில் யூஸ் டேக்கால் அழையுங்கள். அந்த ஃபைல் உங்கள் பக்கம் இருக்கும் அதே தளத்தில் இருக்க வேண்டும். சிடிஎன்னில், அதாவது ஃபைல்களைப் பரிமாறும் வெளி சர்வர்களில், வேறு டொமைனில் வைத்தால் வராது, அனுமதித் தலைப்பு சேர்த்தும் பயனில்லை. பழைய சஃபாரிக்கு எக்ஸ்லிங்க் முன்னொட்டு வேண்டும், 12.1 முதல் வெறும் எச்ரெஃப் போதும்.

யூஸ் வழியாக வந்த ஐகானுக்குள் வெளி சிஎஸ்எஸ் நேராக நுழையாது. ஆனால் மேலிருந்து கீழே இறங்கும் பண்புகள் போகும். கரன்ட்கலர் போகும், சிஎஸ்எஸ் மாறிகளும் போகும். இரண்டு நிற ஐகான் வேண்டுமென்றால் ஒன்றுக்கு கரன்ட்கலர், இன்னொன்றுக்கு மாறி.

ஒரு பாப்அப்பை மூடினால், வேறெங்கோ இருக்கும் லோகோவின் நிறம் போய்விடுகிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

எனக்கும் இது நடந்து ஒரு மாலை முழுக்கப் போயிற்று. பக்கத்தின் மேலே ஒரு மெனு, கீழே லோகோ. மெனுவைத் திறந்தால் லோகோவில் நிறம் வரும், மூடினால் வெற்று. மெனுவுக்கும் லோகோவுக்கும் நிரலில் எந்தத் தொடர்பும் கிடையாது. கடைசியில் இன்ஸ்பெக்டரில் தேடியபோது, மெனு ஐகானிலும் லோகோவிலும் கிரேடியன்டின் ஐடி "ஏ" என்றே இருந்தது. சுருக்கும் கருவி இரண்டு ஃபைலிலும் நீளமான பெயர்களை வெட்டி முதல் எழுத்திலிருந்து தொடங்கியிருக்கிறது.

பக்கத்துக்குள் எழுதிய எஸ்விஜிகள் எல்லாம் ஒரே ஆவணம். ஐடி இரண்டு முறை வந்தால் முதலில் வருவதே செல்லும். லோகோ எடுத்துக்கொண்டது மெனுவின் கிரேடியன்டை. டிஸ்ப்ளே நன் போட்டு மறைத்த எஸ்விஜிக்குள் இருக்கும் கிரேடியன்டைப் பல பிரவுசர்கள் இல்லாததாகவே கணக்கிடும். தரம் அப்படிச் சொல்லவில்லை, நடப்பு அப்படி. ஆகவே ஐடிக்கு ஃபைல் பெயரை முன்னொட்டாகச் சேருங்கள். பொதுக் கிரேடியன்ட்களை மறைக்க வேண்டுமென்றால் டிஸ்ப்ளே நன் வேண்டாம். அகலம், உயரம் பூஜ்யமாக்கி பொசிஷன் அப்சல்யூட் கொடுங்கள்.

இதே குடும்பத்தில் இன்னொன்று. எஸ்விஜிக்குள் ஸ்டைல் டேக் இருந்தால் அது அந்தப் படத்தோடு நிற்காது, பக்கம் முழுக்கப் பாயும். இல்லஸ்ட்ரேட்டர் ஏற்றுமதியில் சிஎல்எஸ்-1, சிஎல்எஸ்-2 என்று கிளாஸ் பெயர்கள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி நான்கு படங்களை ஒரே பக்கத்தில் போட்டால் கடைசிப் படத்தின் நிறம்தான் எல்லாவற்றுக்கும்.

ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வட்டம் சேர்த்தேன். இன்ஸ்பெக்டரில் இருக்கிறது, திரையில் இல்லை.

கிரியேட்எலிமென்ட் போட்டிருப்பீர்கள். அது எச்டிஎம்எல் உலகத்தில் "சர்க்கிள்" என்று பெயருள்ள, யாருக்கும் தெரியாத ஒரு டேக்கை உருவாக்கும். கிரியேட்எலிமென்ட்என்எஸ் போட்டு எஸ்விஜியின் பெயர்வெளியைக் கொடுங்கள்.

அப்புறம் வியூபாக்ஸில் "பாக்ஸ்" என்பதன் முதல் எழுத்து பெரிய எழுத்து. எச்டிஎம்எல்லில் கையால் எழுதும்போது சிறியதாகப் போட்டாலும் பிரவுசர் திருத்திக்கொள்ளும். செட்அட்ரிபியூட் வழியாகக் கொடுத்தால் திருத்தாது. எந்தப் பிழைச் செய்தியும் வராது, படம் மட்டும் கோணலாக நிற்கும்.

டேட்டா யூஆர்ஐ ஆக (ஃபைலின் உள்ளடக்கத்தையே முகவரியாக எழுதி) சிஎஸ்எஸ்ஸில் போட்ட ஐகான் குரோமில் வந்தது, ஃபயர்ஃபாக்ஸில் வரவில்லை.

நிறத்தை #333 என்று எழுதியிருப்பீர்கள். யூஆர்ஐயில் # வந்தால் முகவரி அங்கே முடிந்துவிட்டது என்று பொருள், மீதி வெட்டுப்படும். குரோம் வெகுநாள் கண்டுகொள்ளாமல் விட்டது, ஃபயர்ஃபாக்ஸ் விதிப்படி நடந்தது. 2019க்குப் பின் குரோமும் கண்டிப்பாகிவிட்டது, அதனால் பழைய தளங்களில் திடீரென்று ஐகான்கள் மறைந்தன. # வரும் இடத்தில் எல்லாம் %23 என்று எழுதுங்கள். பேஸ்64 ஆக்கத் தேவையில்லை, அது ஃபைலை மூன்றில் ஒரு பங்கு பெருக்கும்.

சக்கரத்தைச் சுழற்றினால் தன் இடத்திலேயே சுற்றாமல் எங்கோ பறக்கிறது.

எச்டிஎம்எல் பெட்டி தன் நடுப்புள்ளியைச் சுற்றிச் சுழலும். எஸ்விஜிக்குள் இருக்கும் உருவம் கட்டத்தாளின் 0,0 மூலையைச் சுற்றிச் சுழலும். அந்த உருவத்துக்கு டிரான்ஸ்ஃபார்ம்-பாக்ஸ் ஃபில்-பாக்ஸ் என்றும், டிரான்ஸ்ஃபார்ம்-ஆரிஜின் சென்டர் என்றும் கொடுங்கள். இரண்டாவதை மட்டும் கொடுத்தால் கட்டத்தாளின் நடுவைச் சுற்றும்.

அனிமேட் டேக் செத்துவிட்டது என்கிறார்களே?

ஸ்மைல் எனப்படும் அந்த முறையைக் கைவிடப்போவதாக குரோம் 2015இல் அறிவித்து, பிறகு அந்த முடிவை நிறுத்திவைத்தது. இன்றும் மூன்று எஞ்சின்களிலும் ஓடுகிறது. ஐஎம்ஜிக்குள் ஸ்கிரிப்ட் இல்லாமலே அசையும் என்பதால் சுழலும் லோடிங் குறிக்கு எனக்கு அது பிடிக்கும்.

ஒரு பிக்சல் கோடு மங்கலாகத் தெரிகிறது.

கோடு தன் பாதையின் இரு பக்கமும் சரிபாதியாகப் பரவும். பாதை முழு எண்ணில் இருந்தால் இரண்டு பிக்சலிலும் பாதிப் பாதி சாயம் விழும். 10 என்பதை 10.5 ஆக்குங்கள். படம் பெரிதாகும்போது கோடும் தடிக்கக் கூடாது என்றால் வெக்டர்-எஃபெக்ட் பண்புக்கு நான்-ஸ்கேலிங்-ஸ்ட்ரோக்.

எஸ்விஜிக்குள் எழுத்து வேறு ஃபான்ட்டில் வருகிறது. நீளமான வரி மடங்கவும் இல்லை.

ஐஎம்ஜியில் போட்டால் வெப் ஃபான்ட் உள்ளே வராது. முன்பு சொன்ன அதே பூட்டு. லோகோ என்றால் எழுத்தைப் பாதையாக மாற்றிவிடுங்கள். மாற்றிய பின் அது எழுத்தே இல்லை, தேடவோ திரை வாசிப்பானால் படிக்கவோ முடியாது. எனவே ஐஎம்ஜிக்கு ஆல்ட் எழுத மறக்காதீர்கள். பக்கத்துக்குள் இருக்கும் எஸ்விஜி என்றால் ரோல் ஐஎம்ஜி என்று கொடுத்து ஏரியா-லேபிள் சேருங்கள். வெறும் அலங்காரம் என்றால் ஏரியா-ஹிடன்.

டெக்ஸ்ட் டேக்கில் வரி தானாக மடங்காது. டிஸ்பான் போட்டு நீங்களே உடைக்க வேண்டும். தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தனித் தனி இடத்தில் வைக்கும் ஏற்றுமதிகளில் கவனம்: "கொ" என்பது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். ஃபாரின்ஆப்ஜெக்ட் போட்டு எச்டிஎம்எல்லையே உள்ளே வைப்பது கவர்ச்சியான வழி. ஆனால் அதற்குள் பொசிஷன், ஒபாசிட்டி, டிரான்ஸ்ஃபார்ம் போன்றவை வந்தால் சஃபாரி அதை வேறெங்காவது கொண்டுபோய் வைக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ஐகானின் கோட்டின் மேல் சொடுக்கினால்தான் வேலை செய்கிறது, நடுவில் சொடுக்கினால் இல்லை.

ஃபில் நன் என்றால் உள்ளே வெற்றிடம், சுட்டி அதன் வழியே ஊடுருவிப் போய்விடும். பாயின்டர்-ஈவன்ட்ஸ் ஆல் என்று கொடுங்கள். பொத்தானுக்குள் இருக்கும் ஐகான் என்றால் நேர்மாறாக நன் கொடுத்து, சொடுக்கைப் பொத்தானே வாங்கிக்கொள்ளட்டும்.

சார்ட்டில் இருபதாயிரம் புள்ளிகள். ஸ்க்ரோல் தடுமாறுகிறது.

ஒவ்வொரு புள்ளியும் பக்கத்தில் ஒரு தனி உறுப்பு. இருபதாயிரத்தையும் பிரவுசர் சுமக்க வேண்டும். புள்ளிகளை கேன்வாஸில் (எல்லாவற்றையும் ஒரே படமாக வரையும் டேக்) வரைந்து, அச்சும் எழுத்தும் குறிப்புப் பெட்டியும் மட்டும் அதன் மேல் எஸ்விஜியில் வைத்துவிடுங்கள். கேன்வாஸுக்கு மாறும் முன் ஃபில்டர்கள், நிழல், மங்கல் எதாவது போட்டிருக்கிறீர்களா என்று எடுத்துப் பாருங்கள்; சில நூறு உறுப்புகளிலேயே தடுமாறினால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

பயனர்கள் எஸ்விஜி ஏற்ற அனுமதிக்கலாமா? படம்தானே?

படம் மட்டும் இல்லை, நிரல் ஓடக்கூடிய ஆவணம். ஐஎம்ஜியில் காட்டும்வரை ஸ்கிரிப்ட் ஓடாது. ஆனால் யாராவது அந்த ஃபைலின் முகவரியை நேராகத் திறந்தால் உங்கள் டொமைனில் ஓடும், உள்நுழைந்தவரின் குக்கீயையும் தொடலாம். வேர்ட்பிரஸ் இயல்பாக எஸ்விஜி ஏற்ற விடாததற்குக் காரணம் இதுதான். அனுமதித்தே ஆக வேண்டுமென்றால் டாம்பியூரிஃபை மாதிரி கருவியால் சுத்தம் செய்து, வேறு டொமைனிலிருந்து பரிமாறுங்கள்.

மின்னஞ்சலிலும் ஃபேவிகானிலும் (பிரவுசர் தாவலில் வரும் சின்ன ஐகான்)?

மின்னஞ்சலில் பிஎன்ஜி போடுங்கள். ஜிமெயில் எஸ்விஜியைக் காட்டாது. ஃபேவிகானுக்கு எஸ்விஜி வைக்கலாம், கூடவே ஒரு ஐசிஓ ஃபைலும் இருக்கட்டும்.

சார்ட்டை பிஎன்ஜியாக இறக்கும் பொத்தான் வைத்தேன். ஒன்றில் நிறமில்லை, ஒன்றில் ஃபான்ட் இல்லை, ஒன்றில் வெற்றுப் படம்.

எஸ்விஜியை எழுத்தாக்கி, அதை ஒரு இமேஜில் ஏற்றி, கேன்வாஸில் வரைந்து, பிஎன்ஜியாக எடுக்கிறீர்கள். இமேஜில் ஏற்றிய நொடியே அது பூட்டிய அறைக்குள் போய்விடுகிறது. பக்கத்தின் சிஎஸ்எஸ் இல்லை, அதனால் நிறமில்லை. வெப் ஃபான்ட் இல்லை. வெளிப் படங்கள் இல்லை. எழுத்தாக்கும் முன்பே, கணக்கிட்ட ஸ்டைல்களை ஒவ்வொரு உறுப்பிலும் எழுதி, ஃபான்ட்டையும் படங்களையும் டேட்டா யூஆர்ஐயாக உள்ளே வைக்க வேண்டும். எக்ஸ்எம்எல்என்எஸ்ஸும் இருக்க வேண்டும், ஏனென்றால் இப்போது அது தனி ஃபைல்.

வெற்றுப் படத்துக்குக் காரணம், பழைய ஃபயர்ஃபாக்ஸில், எஸ்விஜியின் மேல் டேக்கில் வித்தும் ஹைட்டும் எண்ணாக இல்லாதது. 100% என்று விட்டிருந்தால் அது கேன்வாஸில் எதுவும் வரையாது. சஃபாரியில் பாதுகாப்புப் பிழை வந்தால் உள்ளே ஃபாரின்ஆப்ஜெக்ட் இருக்கிறதா என்று தேடுங்கள். கேன்வாஸைக் கறைபட்டதாகக் கருதி பிஎன்ஜியைத் தர மறுக்கும். எல்லாம் சரியாகி, படம் மட்டும் மங்கலாக வந்தால் கேன்வாஸின் அகலத்தையும் உயரத்தையும் டிவைஸ்பிக்சல்ரேஷியோவால் (திரையின் பிக்சல் அடர்த்தி விகிதம்) பெருக்குங்கள்.